பஸ் வராத தெரு

கம்பெனி வாசலோரம் ஒரே ஒரு வாடகை சைக்கிள்தான் மிச்சமிருந்தது. இரண்டு கைகள் ஒரே நேரத்தில் அதைப் பிடித்தன.

ஷிப்ட் முடிந்து வந்த கங்கா நிமிர்ந்தாள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்... மழைக்கு முந்தைய வானம் மாதிரி கருத்து, ஈரமாக.

"நீங்க எடுத்துக்கோங்க. நான் அடுத்தது வந்ததும் எடுத்துக்கிடுதேன்," என்றான் அவன். அசெம்ப்ளி லைனில் வேலை பார்க்கும் பேச்சிராஜ். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன்.

நோய் வருவதற்கு முன்னால் ஒரகடத்தில் அந்த வாடகை சைக்கிள்களைச் சீண்ட ஆளில்லை. எல்லோரும் கம்பெனி பஸ்ஸில் போனார்கள். இப்போது பஸ்ஸில் பாதி சீட்டுக்குத்தான் ஆள் ஏற்றினார்கள். கூட்டமென்றாலே பயம் வேறு. ஷிப்ட் முடிந்தால் சைக்கிளுக்குத்தான் போட்டி.

கங்கா பையிலிருந்து கிருமிநாசினியை எடுத்தாள். அவன் தொட்ட இடத்தில் அடித்தாள். துணியால் தேய்த்தாள். திரும்பவும் அடித்து, திரும்பவும் தேய்த்தாள்.

அந்தக் கண்கள் சுருங்கின.

"எங்க கை பட்டா அம்புட்டு அழுக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் தூறலில் இறங்கி நடந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் சைக்கிளே எடுக்கவில்லை. வரிசையாகச் சைக்கிள்கள் நின்ற நாளில்கூட நடந்தே போனான். லாரி வாரியடித்த சேற்றோடு அவன் போவதைப் பார்க்கும்போதெல்லாம் கங்காவுக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. நான் இன்னா தப்பு செஞ்சேன்... இவருக்கு இவ்ளோ ரோஷமா...

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. அவள் சைக்கிளை அவனுக்குக் குறுக்கே நிறுத்தினாள்.

"சைக்கிள் நெறைய கீதே. இன்னாத்துக்கு நனைஞ்சிக்கினு நடக்கிறீங்க?"

அவன் நெற்றியில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டான்.

"எங்க ஊர்ல சில வீட்டுல நாங்க தொட்டத கழுவித்தான் உள்ள எடுப்பாக. அத பாத்துப் பாத்துதான் இவ்வளவு தூரம் வந்தேன். இங்கயும் அப்படின்னு நெனச்சுட்டேன்..."

கங்காவின் கை பிரேக்கை இறுக்கிப் பிடித்தது. இப்படி ஓர் அர்த்தம் இருக்குமென்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஐயோ... சத்தியமா அது இல்லீங்க. எங்கப்பாவுக்கு நுரையீரல் சரியில்ல. வூட்ல நாங்க ரெண்டு பேருதான். நான் எதயாவது ஒட்டிக்கினு போயிட்டா அவருக்கு ஆபத்து. எங்க மாமா பையன் தொட்டாலும் தொடைப்பேன்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு அந்தக் கண்கள் மட்டும் சிரித்தன.

"அப்ப நானும் தொடைக்கணும்லா... நீங்க தொட்டத."

"தொடைச்சுக்கோங்க. யார் வேணான்னா?"

மறுநாளிலிருந்து இரண்டு சைக்கிள்கள், நடுவே ஓர் ஆள் இடைவெளி விட்டு, பக்கம் பக்கமாகப் போயின. அவனுடைய அறை ஒரகடத்திலேயே இருந்தது. ஆனாலும் அவள் வீட்டுக்குப் பிரியும் வல்லக்கோட்டைத் திருப்பம் வரை வந்து, அவளை அனுப்பிவிட்டுத்தான் திரும்புவான்.

அத்தனை ஜாக்கிரதைக்கும் நோய் வந்தது. முதலில் கங்காவுக்கு, அடுத்து அப்பா முனிரத்தினத்துக்கு. பஞ்சாயத்து ஆட்கள் வந்து வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். தெருக்காரர்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போனார்கள்.

அவன் ஒதுங்கவில்லை. ஷிப்டுக்கு முன்னால் கஞ்சி, ஷிப்டுக்குப் பின்னால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மாத்திரை. தகரத்தில் பையை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று கேட்பான்.

"அப்பாவுக்கு மூச்சு எப்படி இருக்கு?"

"பரவால்ல... நீங்க போங்க, இங்க நிக்காதீங்க."

அவன் போன பிறகு அவள் சுவரில் சாய்ந்து அழுவாள். துக்கத்தால் இல்லை. இந்த ஊரில் நமக்கென்று சைக்கிள் மிதித்துக்கொண்டு வர ஒருத்தர் இருக்கிறாரே... அந்த நன்றி நெஞ்சில் நிறைந்து, கண் வழியாக வழிந்தது.

அப்பா பிழைத்துக்கொண்டார்.

தகரம் போனது. பஸ்களும் பழையபடி ஓடின. பலரும் சைக்கிளை விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வாசலில் வந்து நின்றான், சைக்கிளோடு.

"அதான் பஸ்ஸு வுட்டாங்களே... இன்னும் இத மிதிச்சிக்கினு?"

"பஸ்ஸு ஒங்க தெருவுக்குள்ள வராதுல்லா..."

கங்கா தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அந்தத் தம்பியா? வெளிய நிக்க வெச்சி பேசாத. உள்ள கூப்பிட்டு சோறு போடு."

அவன் தயங்கினான். செருப்பைக் கழற்றினான். அப்பாவுக்குப் பக்கத்தில் தட்டின் முன்னால் உட்கார்ந்து, முகக்கவசத்தை எடுத்தான். முதல் தடவையாக அந்த முழு முகம்... கங்கா கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

"கங்கா..." அவன் குரல் இறங்கியிருந்தது. "எனக்கு ஒங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. கட்டிக்கிட ஆசப்படுதேன். வேண்டாம்னா சொல்லிருங்க, தப்பா நெனைக்க மாட்டேன்."

"வாணான்னு யாரு சொன்னா?" அவள் குழம்பை ஊற்றினாள். "எனக்கும் அதே நெனப்புதான். எப்டி சொல்றதுன்னு தெரியாமதான்..."

சமையலறைக்குள் அப்பா இருமினார். நோய் இருமல் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்ட இருமல்.

"நானும் கேட்டுக்கினுதாம்மா கீறேன்," என்றார். "மொதல்ல தம்பிய சாப்பிட வுடு. அவங்க ஊட்டுக்கு எப்ப போய்ப் பேசறதுன்னு அப்பறம் கேக்கலாம்."