எடைச்சோறு

காலையில் இறங்குமணி அடிக்கும்போது தில்லைநாயகி அடுப்படியில் இருப்பாள். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருப்பார்கள். கொஞ்சம் கீழே போனதும் அவர்கள் தலைக்கு மேல் குடைகள் விரியும். பாராசூட் என்று யாரும் சொல்வதில்லை, குடைதான். கடல் ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட பிறகு, கோபுரவாசிகள் கீழே கடலில் மேடைபோல் மிதக்கும் தட்டுகளுக்கு வேலைக்குப் போக வேறு வழி இல்லை. இருக்கிற மின்சாரத்தில் லிப்ட் நோயாளிகளுக்கும் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் மட்டும்தான் ஓடியது.

தில்லை இதுவரை தப்பித்திருந்தாள். மொட்டைமாடித் தோட்டத்தில் அவளுக்கு வேலை. போன மாதம் தோட்டத்தை மூடிவிட்டார்கள். இனி அவளும் குதித்தாக வேண்டும்.

எந்தக் குடை என்பதை எடைமானி சொல்லும். எடை கூடினால் பெரிய மஞ்சள் குடை, குறைந்தால் சின்னப் பச்சை. இதில் என்ன வம்பு என்றால், உள்தட்டு கோபுரங்களுக்கு நடுவே இடுக்கில் கிடக்கிறது. மஞ்சள் குடை அதற்குள் நுழையாது. மஞ்சள்காரர்கள் திறந்த கடலில் இருக்கும் வெளித்தட்டில்தான் இறங்க வேண்டும். மாலையில் ஆட்களை மேலே இழுத்துவரும் கயிற்றுத்தேர் உள்தட்டில் மட்டும்தான். வெளித்தட்டுக்காரர்கள் ஒரு வருடம் அங்கேயே தங்கி, பயிற்சிக் கம்பத்திலிருந்து குதித்துப் பழகித் தேறினால்தான் படகில் வீட்டுக்கு அனுப்புவார்கள். கணவன் பரிதிக்கு வேலையும் மகள் யாழிக்குப் பள்ளிக்கூடமும் உள்தட்டில்.

ஆகவே எல்லாரும் செய்வதைத்தான் தில்லையும் செய்தாள். எடை விரதம். ஊரே கூடி நடத்தும் கூத்து அது. பட்டினி கிடந்து எடைமானியில் ஏறுவது, பச்சைக் குடையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சொந்தபந்தத்தோடு வயிறு முட்ட எடைச்சோறு சாப்பிடுவது, மறுநாள் சாமான் பையையும் கட்டிக்கொண்டு குதிப்பது. கணக்கில் வராத அந்தப் பாரத்துக்குக் கீழே கால்கள் முறிந்தன. சில சமயம் காலோடு நிற்கவில்லை. அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

எடைமானியில் ஏறியபோது அவளுக்குக் கண் இருட்டியது. பச்சை விளக்கு எரிந்தது. குடை கொடுக்கும் மிக்கேல் நிமிர்ந்து பார்த்தார்.

"கையை நீட்டும்மா."

நீட்டினாள். அவர் விரலைப் பிடித்து இறுக்கப் பார்த்தாள்; பிடி நழுவியது.

"தரைக்கு வர்றப்போ ரெண்டு கயித்தையும் பலமா இழுக்கணும். இழுத்தாத்தான் வேகம் குறையும். இந்தக் கை இழுக்குமா?"

"எல்லாரும் இப்படித்தானே போறாங்க அண்ணே."

"போறாங்க" என்றார் மிக்கேல். பச்சைக் குடையை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் பரிதி பருப்பும் நெய்யுமாக இலை போட்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "கிடைச்சிடுச்சா? நான் சொன்னேன்ல, பயப்படாதன்னு!"

தில்லைக்கு முதல் கவளமே இறங்கவில்லை. சாப்பிடுகிற ஒவ்வொரு வாயும் நாளைக்குத் தன்னைக் கீழே இழுக்கும் என்று தோன்றியது. அப்போதுதான் கவனித்தாள், யாழியின் இலையில் சோறு அப்படியே இருந்தது.

"ஏன்டி சாப்பிடல?"

"எனக்கு வேணாம்மா. அடுத்த வருஷம் எனக்குப் பத்து வயசு. லிப்ட்ல விடமாட்டாங்க." குழந்தை ரகசியம்போல் சொன்னாள். "மத்தியானமும் சாப்பிடல. உன்னை மாதிரியே இருந்தேன். தலை சுத்துச்சு, ஆனா அழல."

பரிதியின் சிரிப்பு அப்படியே நின்றது. தில்லை மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். எப்போது இவ்வளவு மெலிந்தது? பெற்றவள், அவளுக்கே தெரியவில்லை. குதிப்பதைவிடப் பெரிய பயம் ஒன்று அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

தில்லை தன் இலையில் இருந்ததையெல்லாம் வழித்துச் சாப்பிட்டாள். இன்னொரு முறை போடச் சொல்லி அதையும் சாப்பிட்டாள். சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"தில்லை, ஒரு வருஷம்..." என்றான் பரிதி.

"தெரியும். இவளைச் சாப்பிட வைங்க. அது ஒண்ணுதான் உங்க வேலை."

அன்றே திரும்பப் போய்ப் பச்சைக் குடையை மிக்கேலிடம் நீட்டிவிட்டு, பையோடு எடைமானியில் ஏறினாள். மஞ்சள் எரிந்தது. கொடுத்த குடையை ஒருவர் திருப்பித் தந்து மிக்கேல் பார்த்ததில்லை. பெரிய குடையை அவரே அவள் முதுகில் கட்டிவிட்டார்.

மறுநாள் மணி அடித்தது. விளிம்பில் நின்றவள், கண்ணை மூடிக்கொண்டு விழுந்தாள். குடை விரிந்தது. வெளித்தட்டு மெல்ல, மெல்ல மேலே வந்தது. இரண்டு கயிற்றையும் இழுத்தாள்; கை இழுத்தது. படியிறங்குவதுபோல் கால் தரையில் பட்டது. உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மதியம் விளிம்புக் கம்பியருகே போனாள். தண்ணீருக்கு அப்பால் உள்தட்டில் பள்ளிப் பிள்ளைகள் சின்னச் சின்ன உருவங்களாகத் தெரிந்தார்கள். ஒரு உருவம் கையாட்டியது. யாழியேதான். தில்லை தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அவளுக்குத் தெரியும்படி கையை உயர்த்தி ஒரு வாய் சாப்பிட்டாள்.

அங்கேயும் டப்பா திறந்தது. சின்னக் கை வாய்க்குப் போய்ப் போய் வந்தது. அதில் சோறு இருந்ததா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.