மேற்கு வாய்

முயல் உள்ளே போனது. வெளியே வரவில்லை.

ஔந்த் பகுதி அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல், ஹெலினா அந்தப் படங்களை மூன்றாவது முறையாக ஓட்டிப் பார்த்தாள். நகரத்துக்கு வெளியே, புதிய நெடுஞ்சாலைக்கு அடியில், காட்டு விலங்குகள் கடந்து போவதற்கென்று கட்டிய சுரங்கப்பாதை அது. அறுபது மீட்டர் நீளம். கிழக்கு வாயில் ஒரு தானியங்கி கேமரா, மேற்கு வாயில் இன்னொன்று. பதினேழு நாட்களாகக் கிழக்குக் கேமராவில் முயல், குள்ளநரி, உடும்பு, ஒரு கழுதைப்புலி, குட்டியோடு ஓர் ஓநாய் என்று ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. மேற்குக் கேமராவில் காற்றில் ஆடும் புல் மட்டும்.

சாலை அந்தப் புல்வெளியை இரண்டாக அறுத்துப் போட்டிருந்தது. விலங்குகளுக்கு நான்கு பாதைகள் வேண்டும் என்றுதான், சாலைத் திட்டத்தின் வனவிலங்கு ஆய்வாளராக, அவள் முதலில் அறிக்கை எழுதினாள். வேலை தாமதமாகிறது, ஒன்று போதும் என்று மேலதிகாரிகள் திருத்தி அனுப்பிய அறிக்கையில் அவளேதான் கையெழுத்தும் போட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியும்விட்டாள். இப்போது அதுதான் உறுத்தியது.

மாலையே கிளம்பினாள். ஜீப்பை ஓட்டிய லூர்துசாமி நிக்டியில் குடியிருப்பவர். அவளுடைய அப்பாவோடு போசரியில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்.

"கேமராதான் கெட்டுப் போயிருக்கும். காலையில வந்து பாக்கலாமே ஹெலினா."

"அது புல்லு ஆடுறதைக்கூடப் படம் பிடிக்குது அங்கிள். நீங்க சுத்திக்கிட்டு மேற்குப் பக்கம் போய் நில்லுங்க. நான் உள்ள நடந்து வந்துடறேன்."

"தனியாவா?"

"உள்ள என்ன இருக்குன்னு நான்தானே பாக்கணும்."

கிழக்கு வாயருகே அவளை இறக்கிவிட்டு அவர் வண்டியைத் திருப்பினார்.

அவர் போய்ச் சேரும்வரை காத்திருந்துவிட்டு அவள் நுழைந்தபோது, காய்ந்த புல்லின் வாசனையும் பகல் முழுக்க வெந்த தாரின் நெடியும் வாசலோடு நின்றுவிட, உள்ளே ஈரச் சிமெண்டின் குளிர்ச்சி முகத்தில் வந்து அப்பியது. தலைக்கு மேலே ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் கூரை அடித்தொண்டையில் உறுமி ஓய்ந்தது. காலடித் தடம் பதிவதற்காகப் பரப்பியிருந்த மணலில் டார்ச்சை அடித்தாள். நூற்றுக்கணக்கான தடங்கள். எல்லாமே மேற்கு நோக்கி. முயலின் தடத்துக்குப் பக்கத்திலேயே ஓநாயின் தடம், துரத்திய அடையாளமே இல்லாமல், நிதானமாக.

எதிரே மேற்கு வாய் சாம்பல் நிறச் சதுரமாகத் தெரிந்தது. அதில் லூர்துசாமியின் உருவம், கையளவு.

"அங்கிள், என் டார்ச் தெரியுதா?"

"எங்கம்மா இருக்கே?" அவ்வளவு தூரத்திலிருந்தும் அவர் குரல் காதருகே கேட்டது. "இங்க ஒண்ணும் தெரியலையே!"

அவள் டார்ச்சை அவரை நோக்கி ஆட்டினாள். "இங்கதான்!"

"ஹெலினா? உள்ள போயிட்டியா இல்லையா?"

நடந்தாள். அறுபது மீட்டர் என்றால் எண்பது காலடி, மிஞ்சினால் தொண்ணூறு. வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தாள். நூற்றைம்பது. இருநூறு. சதுரம் பெரிதாகவில்லை. திரும்பிப் பார்த்தாள். கிழக்கு வாய் அதே கையளவுச் சதுரம்.

மேலே லாரிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது?

ஒரு வாடை. ஈரமான ரோமம்.

மூச்சு. அவளுடையது அல்ல. பல மூச்சுகள், ஒரே சீராக. இழுத்து. விட்டு. இழுத்து.

டார்ச்சை உயர்த்தினாள்.

சுவரிலிருந்து சுவர்வரை நின்றன. நெருக்கியடித்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி, மேற்கு வாயைப் பார்த்தபடி. கழுதைப்புலி. குள்ளநரிகள். குட்டியோடு ஓநாய். ஓநாயின் முன்னங்கால்களுக்கு நடுவே முயல். ஒரு காதுகூட அசையவில்லை. ஒரு வால்கூட அசையவில்லை.

"அங்கிள்..."

அவளுக்குப் பின்னாலிருந்து ஏதோ வந்தது. மணலில் மெத்தென்ற காலடி. முழங்காலை ரோமம் உரசியது. ஒரு நரி அவளைத் தாண்டிப் போய், கடைசி வரிசையில் நின்றுகொண்டது.

ஓடு என்றது மனம். ஓரடி பின்னால் வைத்தாள்.

மூச்சுகள் நின்றன. எல்லாம், ஒரே நேரத்தில்.

தலைகள் திரும்பின. மெதுவாக. ஒவ்வொன்றாக.

டார்ச் வெளிச்சம் நேராக விழுந்தும் ஒரு கண்கூட மின்னவில்லை.

கழுதைப்புலி ஓரடி நகர்ந்தது. ஓநாய் மறுபக்கம் ஓரடி. நடுவே ஓர் இடைவெளி, ஓர் ஆள் நிற்கும் அகலத்தில்.

அவை காத்திருந்தன.