சம்மதம் பெறும் முறை

எல்லாருமே இடது கையாலயா எழுதுறாங்க?

அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கையெழுத்துத் தாளை நீட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பதாவது ஆளும் பேனாவை இடது கையால்தான் வாங்கினார். எழுத்து கோணல்மாணலாக ஓடியது. வலது கை மார்போடு ஒட்டி மூடியிருந்தது, பிடித்த வண்டு பறந்துவிடாமல் பொத்தியிருப்பதைப் போல.

பண்டைய மொழிகளும் சமயங்களும் கற்பிக்கிற அந்தத் துறையில் ஒன்பது வருடமாக அவள் அலுவலக உதவியாளர். இன்னும் ஒப்பந்த வேலைதான். மாதம் ஒரு பொதுச் சொற்பொழிவு நடக்கும். நாற்காலி, மைக், தேநீர் எல்லாம் அவள் பொறுப்பு. பிஸ்கட்டுக்காகவே வருகிற ஒரு வயதான தம்பதியையும், கேள்வி கேட்க எழுந்து கால் மணி நேரம் தானே பேசித் தீர்க்கிற ஓய்வுபெற்ற இன்ஜினியரையும் அவளுக்கு நன்றாகத் தெரியும். இன்றும் வந்திருந்தார்கள். பிஸ்கட் தட்டை யாரும் தொடவில்லை.

"ஆமாம்மா, இங்க வாங்க," என்று துறைத்தலைவர் கூப்பிட்டார். எதைச் சொன்னாலும் தலையாட்டுவதால் துறையில் அவளுக்கு 'ஆமாம்மா' என்றே பெயர். வீட்டிலும் கணவர், "கழுத்துல ஸ்பிரிங் வெச்சே உன்னைப் பெத்திருக்காங்கடி" என்பார். "பேச்சாளரோட கூடை கார்ல இருக்கு. மேடையில கொண்டாந்து வெச்சிடுங்க. அப்புறம் முன்வரிசையில உக்காந்துடுங்க. இன்னைக்கு உங்களுக்கு வேற வேலை கிடையாது."

"சார், அந்த நிரந்தர ஆணை..."

"என் மேசை மேலதான் இருக்கு. கூட்டம் முடியட்டும்."

தலையாட்டினாள். வேலை நிரந்தரமானால் மகளுக்கு ஊழியர் ஒதுக்கீட்டில் இங்கேயே இடம் கிடைக்கும். அந்த நினைப்பில் கூடையின் கனம்கூடத் தெரியவில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் உள்ளே தானியம் சரசரவென்று சரிய, அதற்கும் அடியில் ஏதோ ஒன்று நீளமாக நழுவி, பிரம்பில் டக்கென்று இடித்தது.

வெளியே மழைக்கால மாலை. ஜன்னல் கண்ணாடியில் சாம்பல் வெளிச்சம் அப்பியிருந்தது. ஈரக் குடைகளும் பழைய தரைவிரிப்பும் சேர்ந்து நாறும் அந்தக் கூடத்தில், அறுபது பேர் உட்கார்ந்திருந்தும் ஒரு செருமல் இல்லை, நாற்காலி கிறீச்சிடவில்லை, மின்விசிறியின் இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டுவது மட்டும் கேட்டது.

பேச வந்த பேராசிரியை வெள்ளைத் தலையும் பருத்திப் புடவையுமாக, பக்கத்து வீட்டு அக்கா மாதிரி இருந்தார்.

"விருப்பமில்லாத உயிரை வெட்டுறது பாவம்னு அந்தக் காலத்து ஜனங்க நம்பினாங்க," என்றார். "அதனால முதல்ல சம்மதம் கேப்பாங்க. எப்படி? மாட்டோட தலையில தண்ணி தெளிப்பாங்க. தண்ணி பட்டா மாடு சும்மா இருக்குமா? தலைய உதறும். முடிஞ்சது, சம்மதம் சொல்லியாச்சு!"

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"சுத்தி நிக்கிறவங்க கையில ஆளுக்கொரு பிடி தானியம். தலை அசைஞ்சதும் அது மேல வீசுவாங்க. கத்தி கூடையில, தானியத்துக்கு அடியில. பாவம், பாத்தா பயந்துடுமில்ல?"

இன்ஜினியர் எழுந்தார். "ஒரே ஒரு சந்தேகம். ஆமாம்னு ஆட்டினா சரி. வேண்டாம்னு ஆட்டினா?"

"ஐயா, ஆட்டினா ஆட்டினதுதான்."

அவர் திருப்தியாக உட்கார்ந்தார். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக ஒற்றை வரியில் முடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூடிய வலது கைகள். மேடையில் கூடை. அதைச் சுமந்து வந்தவள் தான். முன்வரிசையில் மற்ற நாற்காலிகள் எல்லாம் காலி. திரும்பிப் பார்த்தாள். பிஸ்கட் தம்பதி கதவுக்குத் தாழ் போட்டுவிட்டு, அதில் சாய்ந்து நின்று, தெரிந்தவளைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்தார்கள்.

பேராசிரியை தண்ணீர்ச் செம்போடு இறங்கி வந்தார். அவள் காலையில் தேய்த்து நிரப்பி வைத்த செம்பு.

"பயப்படாத, கண்ணு."

உச்சந்தலையில் தண்ணீர் விழுந்தது. சில்லென்று.

வேண்டாம் என்று தலையாட்டப் போனாள்.

பாதியில் நிறுத்திக்கொண்டாள். கழுத்து நரம்பு வெடவெடத்தது. ஆட்டினா ஆட்டினதுதான். எழுந்தால் தலை அசையும். ஓடினால் அசையும். அழுதால் அசையும். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டாள்.

நாற்காலிகள் நகரும் சத்தம். எல்லாரும் எழுந்து வந்தார்கள். சுற்றிலும் ஈரத் துணியின் வாடை.

துறைத்தலைவர் குனிந்து அவள் முகத்துக்கு நேராக வந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "என்னம்மா இது, நீங்க இப்படிப்பட்டவங்க இல்லையே. இத்தனை பேரு வேலைய விட்டுட்டு வந்திருக்காங்க. ஒரே ஒரு தடவை. பொண்ணு சீட்டையும் நெனச்சுப் பாருங்க."

"மாட்டேன் சார்." உதடு மட்டும் அசைந்தது.

பின்னால் யாரோ ஒரு பெண், "இவங்களா? மாட்டேன்னா சொன்னாங்க?" என்று கிசுகிசுத்தாள்.

பேராசிரியைக்குக் கோபம் வரவில்லை. செம்பைக் காலியாகும் வரை கவிழ்த்தார். பின்னாலிருந்து ஒரு கை நிறைந்த செம்பை நீட்டியது. அதற்கும் பின்னால், கைக்குக் கை மாறி, இன்னொன்று வந்துகொண்டிருந்தது. தண்ணீர் காதுக்குள் புகுந்தது. இமையில் தொங்கியது. மூக்கின் ஓரத்தில் மெல்ல, எறும்பு ஊர்வதுபோல் இறங்கியது. அறுபது கைகள் தோளுக்கு மேலே உயர்ந்து நின்றன. விரலிடுக்கில் கசிந்த தானியம் ஒவ்வொன்றாக அவள் மடியில் விழுந்தது.

"அவசரமே இல்ல, கண்ணு. நாங்க இருக்கோம். எப்ப தோணுதோ அப்ப ஆட்டு."

கூடையின் மூடியை யாரோ திறந்தார்கள்.

"மாட்டேன்," என்றாள், நேராகப் பார்த்தபடி.