மூன்று பக்கமும் பட வேண்டும்

சுவரலமாரியின் கீழ்த்தட்டில், மடித்து வைத்த குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் கயோகோ ஒளித்து வைத்திருந்த பூச்சட்டி சூடாக இருந்தது.

அடுப்பில் வைத்து எடுத்த சூடு இல்லை. வெகுநேரம் யாரோ உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோன இருக்கையில் மிஞ்சும் சூடு. விரலை எடுத்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். வெளியே பால்கனியின் தகரக் கூரையில் ஜூன் மழை ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. தரை முழுக்கப் பதித்திருந்த பாய்கள் ஈரம் குடித்து, பழைய வைக்கோலாக மணத்தன. அறையின் எதிர்ப்பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியின் மூலையில் பாம்புக்குட்டி அஸுகி சுருண்டு கிடந்தது, தலையை உடம்புச் சுருளுக்கு அடியில் செருகிக்கொண்டு. பெட்டியின் மூடிக் கொக்கிகள் பூட்டியபடியே இருந்தன. அது எங்கும் போயிருக்க முடியாது.

கயோகோ சட்டியை இன்னும் உள்ளே தள்ளி, மேலே இன்னொரு போர்வையைப் போட்டாள்.

அஸுகியைக் கணவன் ஷூஜி கொண்டுவந்தது வசந்தத்தில். பந்துபோலச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பின் குட்டி; உள்ளங்கையில் அடங்கியது. அதுவரை அச்சகத்திலிருந்து திரும்பும் அவன் செருப்பைக் கழற்றியதும் "வந்துட்டேன்" என்பது கயோகோவிடம். இப்போது அதைப் பாம்புக்குச் சொன்னான். அதுவும் கல்யாணமான புதிதில் அவளிடம் பேசிய குரலில், முனையில் சற்றே மடியும் அந்தக் குரலில். அந்தக் குரல் அவனிடம் தீர்ந்துபோய்விட்டது என்றுதான் அவள் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். தீரவில்லை. சேமிப்பில் இருந்திருக்கிறது. மேசையில் மிசோ சூப் ஆறும். அவன் திரும்பிப் பார்க்காமலே, "கயோ, நீ சாப்பிடு, நான் வர்றேன்" என்பான்.

ஒருநாள் அவளே பாம்புக் கடைக்குப் போனாள். கடைக்கார அம்மாள் ஹிராயாமா, கையில் ஒரு பாம்பைத் துணிபோலப் போட்டுக்கொண்டு பேசினாள்.

"பெரிய பெட்டியா வாங்கிக் குடுத்தா என்ன?" என்று கேட்டாள் கயோகோ.

"உங்க வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டாரு. மூணு தடவ வந்துட்டாரு. வாடகைக்கு வீடு பாக்கும்போதுகூட இவ்ளோ கேள்வி கேட்டிருக்க மாட்டாரு, இல்ல?"

கேட்டிருக்கவில்லை. தரகர் காட்டிய முதல் வீட்டுக்கே ஒப்பந்தத்தில் முத்திரை குத்தியவன் அவன்.

"பெரிசா இருந்தா சந்தோஷப்படும்னு நாமதான் நெனைக்கிறோம்," என்றாள் ஹிராயாமா. "குட்டிக்கு அது வீடு இல்லம்மா, வெட்டவெளி. எப்ப எது வந்து கொத்துமோன்னு கெடக்கும். உள்ள ஒரு விளிம்பு ஒடஞ்ச சட்டியக் கவுத்து வைங்க. அதுலயும் நுழைஞ்சா மூணு பக்கமும் ஒடம்புல படணும். நாலாவது பக்கம் வாசல். அவ்வளவுதான் அதுக்கு உலகம்."

மீதியையும் அவளே விளக்கினாள். பெட்டியின் ஒரு கோடியில், அடியில் சூடேற்றும் விரிப்பு இருக்கும், மறுகோடி குளிர்ச்சி. சிறிய பெட்டியில் பாம்பு ஒளிந்தபடியே சூட்டுக்கும் குளிருக்கும் நகர்ந்துகொள்ளலாம். பெரிய பெட்டியில் நடுவே வெறுமையைக் கடக்க வேண்டும். சூடா, மறைவா என்று வந்தால் குட்டி மறைவைத்தான் தேர்ந்தெடுக்கும். சூடில்லாமல் வயிற்றில் எதுவும் செரிக்காது. அது பாம்புக்குத் தெரியும். ஆகவே தின்னாது. உடம்பு வளர வளரத்தான் பெட்டியும் வளர வேண்டும்.

"பசிச்சிருந்தா கழுத்தப் பின்னால இழுத்து மடிச்சுக்கும். அப்ப, உறைஞ்ச எலிய வெந்நீர்ல சூடாக்கி இடுக்கியால நீட்டுங்க. மடிக்கலேன்னா விட்ருங்க."

"தின்னாமலே இருந்தா?"

ஹிராயாமா கையிலிருந்த பாம்பைத் தடவிக் கொடுத்தாள். கயோகோவுக்கு அது போதுமாக இருந்தது.

ஷூஜியின் பிறந்தநாளுக்கு, பழைய பொருள் கடையில் கிடைத்ததிலேயே பெரிய கண்ணாடிப் பெட்டியை வாங்கி வந்தாள். அவன் அதையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்.

"குட்டிக்கு இது ரொம்பப் பெரிசுன்னு கடைக்காரம்மா..." என்று தொடங்கி நிறுத்தினான். "பரவால்ல. நீ வாங்குனதாச்சே."

அவன் மூன்று சட்டிகளைக் கவிழ்த்து, இடைவெளியெல்லாம் பிளாஸ்டிக் இலைகளை நிரப்பி, அந்த வெட்டவெளியைத் தன்னால் முடிந்தவரை அடைத்தான். அவன் வேலைக்குப் போன பகல்களில் கயோகோ ஒவ்வொன்றாக எடுத்தாள். முதலில் இலைகள். பிறகு சட்டிகள்.

"சட்டி எங்க?"

"பூசணம் புடிச்சிருந்துச்சு. கழுவிக் காய வச்சிருக்கேன். இந்த மழையில எங்க காயுது?"

அஸுகி தின்பதை நிறுத்தியது. கண்ணாடி ஓரமாகவே ஊர்ந்து மூக்கைத் தேய்த்தது. பகலெல்லாம் அந்த ஒலி. ஈர விரலால் தட்டின் விளிம்பைத் தடவுவதுபோல. அவள் எதிர்பார்க்காதது ஒன்றுதான். ஷூஜி இப்போது சாப்பிட வருவதே இல்லை. பெட்டியின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"பயப்படுது பாரு, கயோ. எப்படிப் பயப்படுது பாரு."

அவள் பார்த்தாள். பாம்பை அல்ல, அவன் முகத்தை. காய்ச்சலில் அவள் கிடந்தபோதுகூட அந்த முகம் அவளுக்குக் கிடைத்ததில்லை.

கடைசிச் சட்டியை அன்று காலையில்தான் எடுத்திருந்தாள். அதுதான் சூடாக இருந்த சட்டி.

போர்வைகளைச் சரிசெய்துவிட்டு எழுந்து திரும்பியபோது, அறை பெரிதாக இருந்தது.

ஆறு பாய்கள் பரப்பிய அறை. பாய்களை எண்ணினாள். ஆறுதான். ஆனால் கூரை எட்டாத உயரத்தில் இருந்தது, மேசை எங்கோ தொலைவில் நின்றது, நடுவில் வெறும் பாய்கள் வெளிறிக் கிடந்தன. அதைக் கடக்க நினைத்ததும் பிடரி சில்லிட்டது. மேலே ஏதோ இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். விளக்குதான். சுவரோரமாக, தோள் சுவரில் உரச உரச நடந்து சமையல் மேடைக்குப் போனாள். மதியச் சோற்றை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். இறங்கவில்லை. வயிற்றில் குளிர் கட்டியாக நின்றது.

குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். இரண்டு பக்கம் பட்டது. போதவில்லை.

மூக்கு எரிந்தது. தொட்டுப் பார்த்தாள். நுனித் தோல் உரிந்திருந்தது. எப்போது, எதில் தேய்த்தாள்?

தேய்க்கும் ஒலி நின்றுபோயிருந்தது.

கண்ணாடிப் பெட்டியின் நடுவில், மறைவே இல்லாத இடத்தில், அஸுகி நீண்டு படுத்திருந்தது. தலை தூக்கியிருந்தது. பயமே இல்லை. அவளையே பார்த்தது.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. கூரை இன்னும் உயர்ந்தது.

அவள் ஓடவில்லை. ஓடினால் தெரிந்துவிடும். சுவரோடு சுவராக, வயிறு பாயில் படப் போனாள். அலமாரிக் கதவு. கீழ்த்தட்டு. போர்வைகளைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தாள், முழங்கால்களை மார்போடு மடித்தாள், விரல் அளவு இடுக்கு விட்டுக் கதவை இழுத்தாள். முதுகில் பலகை. இடப்புறம் பலகை. வலப்புறம் பலகை.

மூச்சு இறங்கியது.

அடியில் சூடு இருந்தது. அவள் வருவதற்கு முன்பே இருந்தது.

வாசற்கதவு திறந்தது. ஈரச் செருப்பின் ஒலி. "வந்துட்டேன்" என்ற குரல் முனையில் மடிந்தது. காலடிகள் கண்ணாடிப் பெட்டியின் பக்கம் போகவில்லை. நேராக அலமாரிக்கு வந்தன. இடுக்கின் வெளிச்சத்தில் அவன் முழங்கால்கள் இறங்கின. பிறகு முகம்.

அந்த முகம்.

"பெரிசா இருந்துச்சு இல்ல உனக்கு," என்றான். "பாவம். இது சரியா இருக்கா?"

பேச வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

கெண்டியிலிருந்து கிண்ணத்தில் வெந்நீர் விழும் ஒலி. அவன் எழுந்து விலகியபோது மேசை தெரிந்தது. அவள் உட்காரும் மெத்தையில், சூப் கிண்ணத்தின் முன்னால், அஸுகி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

ஷூஜி அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னான், களைத்த, சாதாரணக் குரலில்:

"கயோ, நீ சாப்பிடு, நான் வர்றேன்."

இடுக்கின் வழியாக நீண்ட இடுக்கி உள்ளே வந்தது. அதன் முனையில், வாலில் பிடித்துத் தூக்கிய சுண்டெலி. ஈரம். ஆவி. இளஞ்சிவப்புக் கால்கள்.

வெதுவெதுப்பான வாசனை.

இருட்டுக்குள் அவளுடைய கழுத்து, மெல்ல, தானாகவே பின்னுக்கு மடிந்தது.