மூன்றாவது அழைப்பு

காலை பதினோரு மணிக்கு, ஒரே தாளுக்காக மூன்றாவது முறை அந்த ஆய்வகத்தின் படியேறினார் புரூஃப் திருத்துபவர். ‘இறந்த என் மனைவியின் மூலையை ஆய்வுக்குத் தந்தேன்’ என்று படிவத்தில் அச்சாகியிருந்தது. இரண்டு முறை திருத்திக் கொடுத்தாயிற்று. மூளை மறுபடியும் மூலையாகவே திரும்பி வந்தது. பிழையுள்ள தாளில் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

உள்ளே மருந்து நெடி மூக்கை அரித்தது. அலமாரியில் கண்ணாடி ஜாடி. ஜாடிக்குள் அவள்.

“உங்க மனைவிக்கு வந்த நோய்க்குக் காரணமான ப்ரியான்ங்கறது முறுக்கிக்கிட்ட ஒரு புரதம்,” என்று ஆரம்பித்தார் துறைத்தலைவர். யாரும் கேட்கவில்லை. “ஒரு நரம்பு செல் இன்னொண்ணைக் கூப்பிடற இடம் சினாப்ஸ். முதல்ல அங்கதான் கை வைக்கும். இந்தப் பக்கம் கூப்பிடும், அந்தப் பக்கம் கேக்காது. மகத்தான மௌனம்.”

மாநாட்டில் கைதட்டல் வாங்கிய வாக்கியம் போலும். சொல்லிவிட்டுச் சற்றுக் காத்திருந்தார்.

புரூஃப் திருத்துபவருக்கு எரிச்சலாக வந்தது. அவள் “என்னங்க” என்பாள். இவர் வரியில் வைத்த விரலை எடுக்காமல் “வரி முடியட்டும்” என்பார். மூன்றாவது அழைப்புக்குத்தான் தலை நிமிரும். நான்கே மாதத்தில் நோய் அவள் சொற்களை ஒவ்வொன்றாகத் தின்றது. கடைசியில் அந்த ‘என்னங்க’வையும். தாள்களை மூட்டை கட்டிவிட்டுக் கட்டிலருகே காத்துக் கிடந்தார். ஒரே ஒரு ‘என்னங்க’வுக்காக. வரவில்லை.

துறைத்தலைவர் சட்டென்று திரும்பினார். “யாரும்மா அது? அனுமதி இல்லைன்னு எழுதி ஒட்டியிருக்குல்ல?”

வாசலில் யாரும் இல்லை.

ஜாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்த வயதான ஊழியர் கிசுகிசுத்தார். “வெளியில இல்ல சார். ஒரு மாசமா இப்படித்தான். ‘என்னங்க’ன்னு.”

புரூஃப் திருத்துபவர் தாளைக் கீழே போட்டார். மின்விசிறிச் சத்தம் மட்டுந்தான்.

“எனக்குக் கேக்கலையே.”

“இப்ப ரெண்டாவது தடவை சார்.”

துறைத்தலைவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

ஜாடியில் காதை அழுத்தினார் புரூஃப் திருத்துபவர். கண்ணாடி சில்லிட்டது.

ஒன்றுமே இல்லை.

“மூணாவது,” என்றார் ஊழியர்.

“சொல்லும்மா. இங்கதான் இருக்கேன். சொல்லு.”

ஊழியரின் கையில் துணி அப்படியே நின்றது.

“என்னய்யா, நிறுத்திட்டாளா?”

“இல்ல சார்.” அவர் துணியைக் கீழே வைத்தார். “‘வரி முடியட்டும்’ங்கறாங்க.”