இந்த வண்டிக்கு ஒரே சாவி

மூன்றாவது நாளும் காரின் இரு பக்கக் காதுக் கண்ணாடிகளும் விரிந்திருந்தன.

லாரிக்காரர் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். பூட்டினால் அந்தக் கண்ணாடிகள் மடங்கிக்கொள்ளும். சாவி வைத்திருக்கிறவர் பக்கத்தில் வந்தால் தானாக விரியும். நேற்று மாலை பூட்டி, கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, கண்ணாடிகள் மடங்கியதைக் கண்ணால் கண்ட பிறகுதான் மேலே போனார். சாவி மூன்றாவது மாடியில் அவர் தலையணைக்கு அடியில் இருந்தது. அங்கிருந்து அது இந்த வண்டியோடு பேசாது. நாலடிக்குள் வர வேண்டும்.

பகல் மூன்று மணி. மேலே தெருவில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கட்டடத்துக்கு அடியில் இருந்த இந்த வண்டி நிறுத்தும் இடத்துக்கு மட்டும் வெயில் என்று ஒன்று இருப்பதே தெரியாது, எந்நேரமும் ஈரச் சிமெண்ட் வாடையும் பழைய ஆயில் வாடையும், எங்கோ ஒரு குழாய்க்குள் தண்ணீர் தொண்டையைச் செருமிக்கொண்டு இறங்குகிற சத்தமும், செத்துக்கொண்டே சாகாமல் இருக்கிற டியூப் லைட்டின் முனகலும்தான். இன்றைக்கு அதில் இன்னொரு வாடையும் கலந்திருந்தது. தைலம். நெஞ்சில் தேய்த்துக்கொள்கிற தைலம்.

மூக்கை நம்பக் கூடாது என்று சொல்லிக்கொண்டார். அவர் எதையும் நம்புகிறவர் இல்லை. லாரிகளை விற்று ஏழு வருடம் ஆகியும் பெயர் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற மனிதர். நாற்பது வருடம் டிரைவர்களிடமும் கிளீனர்களிடமும் டீசலைப் பறிகொடுத்தவர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது அவர் வழக்கம். கார் வாங்கியபோது வந்த இரண்டு சாவிகளையும் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"எனக்கு ஒண்ணு குடுங்களேன்," என்றாள் மனைவி. அண்ணனிடம் ஓட்டப் பழகியிருந்தாள்.

"உனக்கெதுக்கு? கடைக்குப் போகக் கால் இல்லையா?"

அதோடு விட்டிருக்கலாம். வெளியூர் போகும்போது பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டுப் போவார். அது அவருக்கு மட்டும் தெரியும். அவளிடம்கூடச் சொன்னதில்லை.

நாற்பது நாளுக்கு முன்னால் அப்படித்தான் போனார். அன்றைக்குப் பகலில் அவளுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. தைலம் தேய்த்தும் விடவில்லை. பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. பீரோவை உடைத்து, ஒரு சாவியை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி வந்திருக்கிறாள். வண்டி கதவைத் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? காவலாளி பார்த்தபோது டிரைவர் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம், யாருக்கோ காத்திருக்கிற மாதிரி.

குளிப்பாட்டிய பெண்கள் அவரிடம் வந்து சொன்னார்கள். "வலது கை விரல் பிரியவே மாட்டேங்குதுங்க. உள்ள என்னவோ வெச்சிருக்காங்க."

விரல் இடுக்கில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் முனை தெரிந்தது. அது என்னவென்று அவருக்குத் தெரியும். பிரித்தால் எல்லாரும் கேட்பார்கள்: சாவி கையில் இருந்தும் வண்டி ஏன் திறக்கவில்லை?

"விடுங்க. அப்படியே இருக்கட்டும்," என்றார். அப்படியே புதைத்தார்கள்.

மகளிடம் ஒரு சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். நேற்று அவள் போன் செய்தாள். "நாளன்னிக்கு வந்து வண்டியை எடுத்துக்கறேம்பா. பாப்பாவை ஸ்கூல்ல விட எனக்கு ஆகும். நீங்க அதைப் பூட்டிப் பூட்டி வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

மகளும் பேத்தியும் ஏறப்போகிற வண்டி. அதற்குள் அந்தச் சாவி செத்தாக வேண்டும்.

அதற்குத்தான் சாவிக்காரனை வரச்சொல்லியிருந்தார். நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாத ஆள். தோள்பையிலிருந்து புத்தகம் அகலத்துக்கு ஒரு கருவியை எடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகினான்.

"ஐயா, வீட்டுக்குள்ள நல்லாத் தேடினீங்களா? பாதிப் பேர் நான் கிளம்பின மறுநாளே சோபாவுக்கு அடியில கண்டெடுப்பாங்க."

"கிடைக்காது."

"எங்க தொலைச்சீங்க?"

"அது தெரிஞ்சா அதுக்குப் பேரு தொலைஞ்சதா?"

சிரித்தான். "கரெக்ட். சாவிக்குள்ள சின்னதா ஒரு சிப் இருக்குதுங்க. வண்டி கேள்வி கேட்கும், அது பதில் சொல்லும். பதில் தப்புன்னா இஞ்சின் எழுந்திரிக்காது. இப்ப வண்டிக்கு ரெண்டு சாவி ஞாபகம் இருக்குது, பாருங்க." திரையில் 2 என்று இருந்தது. "எல்லாத்தையும் மறக்க வெச்சுட்டு, உங்க கையில இருக்கறதையும் இந்தப் புதுசையும் சொல்லிக் குடுப்போம். தொலைஞ்சது செத்துரும்."

"நிச்சயமா செத்துருமா?"

"கல்லு மாதிரி கிடக்கும்."

பிறகு அவன் சோதிக்கிறேன் என்று லாரிக்காரரைச் சாவியோடு எதிர்ச் சுவர் வரைக்கும் போய் நிற்கச் சொன்னான். முப்பது அடி. புதுச் சாவிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கதவை அறைந்து சாத்திப் பூட்டிவிட்டு, கைப்பிடியை விரலால் தொட்டான்.

டிக் என்று திறந்தது.

"அட! ஐயா, உங்க சாவி இங்கதான் எங்கயோ கிடக்குது!" சீட்டுக்கு அடியில், மிதியடிக்கு அடியில், டிக்கியில், சக்கரத்துக்குப் பின்னால், மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேடினான். டார்ச் வெளிச்சம் வண்டியின் வயிற்றுக்கு அடியில் போய்வந்தது. ஒன்றும் இல்லை. டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் தரையைத் தடவி விரலை மோந்து பார்த்தான். "யாரோ தைலம் கொட்டியிருக்காங்க."

லாரிக்காரர் சுவரோரத்திலிருந்தே கத்தினார். "தேடினது போதும். அழி."

அங்கே வாயை மூடிக்கொண்டு அவனை வேலை செய்ய விட்டிருந்தால் ஒருவேளை காரியம் முடிந்திருக்கும். பழக்கம் விடுமா? அவன் கை கருவிக்குப் போனதும் அவருக்குள் பழைய முதலாளி எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"இரு. எனக்கு ரெண்டு சொல்லிக் குடுக்கிறவன், மூணாவதா உனக்கொண்ணு சொல்லிக் குடுக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

"ஐயோ, தொழில் சுத்தங்க."

"சுத்தத்தை எல்லாம் சோப்புக் கட்டிகிட்ட சொல்லு. நான் பண்றேன். நீ பையோட மேல போய் வெயில்ல நில்லு. கூப்பிட்டா வா."

அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் புதுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னான். "இந்தப் பச்சைப் பட்டனை அமுக்கினா எல்லாம் அழிஞ்சு 0 வரும். அப்புறம் வண்டி வாயைத் திறந்துகிட்டுக் காத்திருக்கும். எந்தச் சாவி முதல்ல வந்து தொடுதோ அதைத்தான் எஜமான்னு எடுத்துக்கும். அதனால சட்டுனு சாவியை இந்த ஸ்டார்ட் பட்டன்ல ஒட்டிப் பிடிங்க. பீப்னு சத்தம் வந்ததும் அடுத்தது. வேடிக்கை பார்த்துட்டு இருந்துராதீங்க."

"நாப்பது வருஷம் வண்டி வெச்சிருந்தவனுக்குப் பாடம் எடுக்காதே. போ."

செருப்புச் சத்தம் சாய்தளத்தில் ஏறி ஏறித் தேய்ந்து போனது. லாரிக்காரர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்று கதவையும் சாத்திக்கொண்டார். சாத்தியதும் குழாய்ச் சத்தம் போனது, லைட்டின் முனகல் போனது, அவர் மூச்சு மட்டும் கண்ணாடியில் மோதி மோதி அவர் காதுக்கே திரும்பி வந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பச்சைப் பட்டனை அமுக்கினார்.

2 போனது. 0 வந்தது.

நாற்பது நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. அந்த 0வையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது இந்த வண்டிக்கு யாரும் இல்லை. மண்ணுக்குள் இருக்கிறது வெறும் பிளாஸ்டிக்.

"போதும்டி," என்றார், வாய்விட்டே. "போய்ப் படு."

பிறகுதான் சாவிகள் ஞாபகம் வந்தது. இரண்டும் பேண்ட் பைக்குள். உட்கார்ந்த வாக்கில் தொந்தி மடிந்து பையின் வாயை அடைத்திருந்தது. இடுப்பைத் தூக்கினார். விரல் நுழைந்தது. சாவியின் முனை நகத்தில் பட்டது. நழுவியது.

வெளியே கதவின் கைப்பிடியை யாரோ தொட்டார்கள்.

இழுக்கவில்லை. தொட்டார்கள். விரல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்கள்.

"டேய், அங்கயே நில்லுன்னு சொன்னேன்ல!"

கண்ணாடிக்கு வெளியே யாரும் இல்லை. சாய்தளத்தின் உச்சியில், வெயிலில், சாவிக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ரொம்ப தூரத்தில்.

பீப்.

0 போனது. 1 வந்தது.

அவர் கை இன்னும் பைக்குள்தான் இருந்தது.

சாவியைப் பிடுங்கி எடுத்தார். பை கிழிந்தது. ஸ்டார்ட் பட்டனில் வைத்து அழுத்தினார். வண்டி கர்ரென்று ஒரு சத்தம் போட்டது. வேண்டாம் என்கிற சத்தம். புதுச் சாவியை வைத்தார். அதே சத்தம். பச்சைப் பட்டனைக் குத்தினார். திரை இருண்டது.

நாலு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன.

கைப்பிடியை இழுத்தார். காற்றை இழுப்பது போல வந்தது. மறுபடி இழுத்தார். "டேய் சாவிக்காரா!" குரல் கண்ணாடியைத் தாண்டவில்லை. உள்ளங்கையால் அடித்தார். ஹாரனை அழுத்தினார். ஊமை. மேலே அந்த ஆள் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தான்.

தைல வாடை. வெளியே இல்லை. உள்ளே.

சீட்டுக்கு அடியில் மோட்டார் மெல்ல முனகியது. அவர் பட்டனைத் தொடவே இல்லை. சீட் முன்னால் நகர்ந்தது. ஒரு விரல். இன்னொரு விரல். முட்டி போய் இடித்தது. தொந்தியில் ஸ்டியரிங் பட்டது. அமுங்கியது. அது அவர் காலுக்கு அளவு எடுக்கவில்லை. குட்டையான ஒருத்தியின் பாதம் பிரேக்கை எட்ட வேண்டிய தூரம் அது. அங்கே வந்து நின்றது.

மூச்சு பாதிதான் வந்தது.

"தெரியாமப் பண்ணிட்டேன்," என்றார். அது பொய். "திறந்து விடு. புள்ள நாளைக்கு வருவா..."

மடியில் ஒரு பாரம் இறங்கியது.

குளிர்ந்த பாரம். ஈர மண் மூட்டை மாதிரி. அசைந்து, சரிசெய்துகொண்டு, நன்றாக உட்கார்ந்தது. அவருக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் விரல் நுழைய இடம் இல்லை. ஆனால் உட்கார்ந்தது.

அவர் இரண்டு கைகளும் கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. அவருக்கு அது தெரியும். இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஸ்டார்ட் பட்டன் உள்ளே போனது. மெதுவாக. முதல் தடவை தொடுகிறவர்கள் பயந்து பயந்து அமுக்குவார்களே, அப்படி.