நோகுதோ?

டாக்டர் யசோதினி தன் கழுத்தில் உணர்பட்டையும் இடது முன்கையில் சிறிய கவ்வி ஒன்றும் மாட்டிக்கொண்டு அதன் திருகை மெல்ல முடுக்கினார். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த தவசியைப் பார்த்து, "நோகுதோ?" என்று கேட்டார்.

நெருக்கப்படுவது ஒருவர் கை, கேள்வி இன்னொருவருக்கு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் நடக்கிற சடங்கு இது. தவசி அவசரப்படவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த முடுக்கில் அவருடைய கண்ணிமை லேசாகச் சுருங்கியது.

"இப்ப வலிக்குதுங்க டாக்டர். எறும்பு கடிச்ச மாதிரி."

இன்னொரு முடுக்கு. இந்த முறை புருவம் நெரிந்தது.

"இது தேள் கொட்டுன மாதிரி இருக்கு. போதும், விடுங்க."

யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு டொராண்டோவில் பிறந்த அந்த டாக்டர் சிரிக்காமல் கவ்வியைக் கழற்றினார். திரையில் 'தகுதி' என்று பதிந்தார். தவசி காதுக்குப் பின்னால் பதித்திருந்த ஏற்பியைத் தடவிக்கொண்டு எழுந்தான். உண்மையில் அவனை எறும்பும் கடிக்கவில்லை, தேளும் கொட்டவில்லை. போன வருடத்திலிருந்தே அந்த ஏற்பி வழியாக அவனுக்கு ஒன்றும் வருவதில்லை. டாக்டரின் முகத்தைப் படித்துத்தான் இத்தனை வெள்ளிக்கிழமைகளையும் ஒப்பேற்றியிருந்தான்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் பெயரில்தான் கால் இருக்கிறது. ஆட்டமெல்லாம் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மோதிச் சாய்ப்பதும்தான். சாய்ப்பவனுக்குத் தடுப்பாட்டக்காரன் என்று பெயர். ஒரு காலத்தில் எவ்வளவு பலமாக மோதினானோ அவ்வளவு புகழ். மண்டைக்குள் அடி வாங்கியவர்கள் நாற்பது வயதில் சொந்தப் பிள்ளையின் பெயர் தெரியாமல் விழித்தார்கள். ஆட்டத்தையே தடை செய்யலாமா என்று பெரிய பஞ்சாயத்து நடந்து, கடைசியில் வந்து சேர்ந்தது வலிப்பகிர்வுச் சட்டம். ஓடுகிறவன் கழுத்தில் உணர்பட்டை, தடுக்கிறவன் காதருகில் ஏற்பி. யாரைச் சாய்க்கிறாயோ அவன் வலி அந்த நொடியே உனக்கும் வரும்.

முதல் பருவத்திலேயே பெரிய பெரிய மல்லர்களெல்லாம் புல்தரையில் உருண்டு அழுதார்கள். அடுத்த பருவத்தில் ஆட்டம் மாறிவிட்டது. மோதத் தெரிந்தவன் வேண்டாம், நோகாமல் பிடிக்கத் தெரிந்தவன் வேண்டும் என்று தேடிய அணிகள் கடைசியில் கபடிக்காரர்களிடம் வந்து நின்றன. தேனிப் பக்கத்து ஆட்டக்காரன் தவசிமுத்து ஒஹாயோவுக்கு விமானம் ஏறியது அப்படித்தான். அவனுடைய பிடியில் விழுந்தவர்கள் படுக்கையில் கிடத்தியதுபோல விழுந்தார்கள்.

தடுப்பாட்டக்காரனுக்கு இன்னொரு கடமையும் இருந்தது. வந்த வலி சாதாரணமானது இல்லை என்று பட்டால் உடனே உள்ளங்கையை உயர்த்த வேண்டும். ஆட்டம் நிற்கும், மருத்துவர்கள் ஓடி வருவார்கள். பட்டைக்கு வலியை அனுப்பத்தான் தெரியும். எது வெறும் வலி, எது விபரீதம் என்று பிரிக்க மனித நரம்புதான் வேண்டியிருந்தது. தவசி கை உயர்த்தி எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள்.

அவன் இன்னொன்றுக்கும் பேர் போனவன். எழுந்திருக்கும்போது கீழே கிடப்பவன்மேல் கால் பட்டுவிட்டால், குனிந்து அவனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். பழக்க தோஷம். முதலில் கேலி செய்கிறான் என்று நடுவர் அபராதம் போட்டார். ஊரில் யார்மேல் கால் பட்டாலும் அப்படித்தான் என்று அவன் விளக்கிய பிறகு விட்டுவிட்டார்கள். அப்புறம் அதுவே பிரபலமாகி, எதிரணிக்காரர்கள் படுத்தபடியே அவன் தலையில் தட்டி ஆசி வழங்கத் தொடங்கினார்கள்.

ஒன்பது வருடம் ஊரார் வலியையெல்லாம் வாங்கிய நரம்பு ஒருநாள் மரத்துப்போனது. மரத்தவன் ஆடக்கூடாது என்பது சட்டம். சொல்லிவிட்டு விலகியிருக்கலாம். ஆனால் அவன் அணி இதுவரை இறுதிப் போட்டியை எட்டியதே இல்லை, இந்த வருடம் எட்டும்போல் இருந்தது. அதைவிட, ஆட்டம் இல்லாத தவசி யார் என்று யோசிக்கவே அவனுக்குப் பயம். பிடித்ததும் முகத்தைச் சுளிப்பான், பல்லைக் கடிப்பான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தன் பிடி சுத்தம், யாருக்கும் எதுவும் ஆகாது என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

அரையிறுதியன்று நல்ல வெயில். எதிரணியில் எமெட் என்ற இருபத்திரண்டு வயது ஓட்டக்காரன், மான்போலத் துள்ளுகிறவன். மூன்றாம் கால்பகுதியில் அவன் பந்தோடு ஓரக்கோட்டை ஒட்டி வந்தபோது தவசி இடுப்பில் பிடித்தான். சுத்தமான பிடிதான். ஆனால் பின்னால் வந்த எமெட்டின் சொந்த அணிக்காரன் ஒருவன் தடுக்கி இருவர்மேலும் விழுந்தான்.

தவசி வழக்கம்போல முகத்தைச் சுளித்துவிட்டு எழுந்தான். எழும்போது அவன் பாதம் எமெட்டின் கணுக்காலில் உரசியது. குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தலையில் தட்டு விழவில்லை. எமெட் வானத்தைப் பார்த்தபடி கிடந்தான்.

"என்னப்பா, ஆசி கிடையாதா?" என்று தவசி ஆங்கிலத்தில் கேட்டான்.

"எதுக்கு?"

"கால்ல இடிச்சிட்டேனே."

"இடிச்சியா? தெரியலையே," என்றான் எமெட். "எனக்கு ஒண்ணுமில்ல. இரு, எழுந்துக்கிறேன்."

தவசி அவன் கணுக்காலை அழுத்திப் பிடித்தான். "இப்ப?"

"என்ன இப்ப?"

அந்தக் காலுக்கு உணர்ச்சியே இல்லை என்று தவசிக்குப் புரிந்தது. எழ முயன்ற எமெட்டின் தலையை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே அசையாமல் இடுக்கிக்கொண்டு உள்ளங்கையை உயர்த்தினான்.

மருத்துவர்கள் எமெட்டின் கழுத்தைக் கட்டித் தூக்கிப் போனார்கள். தலையைத் தூக்கியிருந்தால் எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அறுத்திருக்கும், தவசி அவனைக் காப்பாற்றிவிட்டான் என்று மைதானமே எழுந்து கைதட்டியது. அந்தக் கைதட்டல் அவனுக்குச் செருப்படிபோல இருந்தது. நடுவர் மட்டும் கையிலிருந்த திரையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அதிர்ச்சியில் அவனுக்குத் தெரியவில்லை, ஆனால் விழுந்த நொடியில் கழுத்தில் கடுமையான வலி பதிவாகியிருக்கிறது. நீங்கள் ஏன் தாமதமாகக் கை உயர்த்தினீர்கள்?"

மேலே ஒருவன் விழுந்ததில் எனக்கே தலை சுற்றிவிட்டது என்று ஒரு வார்த்தை போதும். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். நடுவரே அதைத்தான் எதிர்பார்த்து நின்றார்.

"டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்," என்றான் தவசி.

யசோதினி வந்தார். பட்டையையும் கவ்வியையும் மாட்டிக்கொண்டார். வழக்கம்போல எதிரே நிற்காமல், அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள்பட்டை மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது.

"தவசி, நோகுதோ?"



"நோகலைங்க டாக்டர்," என்றான். "போன வருஷத்துல இருந்தே நோகலை."

"எனக்குத் தெரியும்," என்றார் அவர், திரும்பாமலே. "இவ்வளவு நாளும் நான் கண்ணைச் சுருக்கினது நோவிலயெண்டே நினைச்சனீங்கள்? உங்களுக்குக் காட்டத்தான். எல்லாற்ற நோவையும் வாங்கின மனுசனை எப்பிடி வீட்டை போ எண்டு சொல்லுறது? பிழை விட்டிட்டன். எங்கள் ரெண்டு பேரிலயும் பிழை."

அவர் திரும்பியபோது கவ்வி கடைசிவரை முடுக்கப்பட்டு, கை கன்றிச் சிவந்திருந்தது. அன்றைக்கே இருவரும் வேலையை இழந்தார்கள். அவன் அணி அவன் இல்லாமல் இறுதிப் போட்டிக்குப் போனது.

பனி விழத் தொடங்கிய பிறகுதான் எமெட்டைப் பார்க்க மருத்துவமனையில் விட்டார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. கால்கள் திரும்புமா என்று மட்டும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. தவசியின் காதுக்குப் பின்னால் ஏற்பியை எடுத்த இடத்தில் சிறிய தழும்பு இருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தான். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையை விலக்கினான். "தொடட்டுமா?" என்றான். எமெட் தலையசைத்தான்.

தவசி அவன் பாதத்தை அழுத்தினான். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பழைய வித்தை தானாக வந்தது. வலுக்கட்டாயமாகத் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை வருடத்தில் ஒருவரைக்கூட அவன் வாய்திறந்து இதைக் கேட்டதில்லை. கேட்கத் தேவை இருந்ததில்லை.

"வலிக்குதா?"

அந்தப் பாதம் அசையவில்லை. கொஞ்சம் மேலே, கணுக்காலில் அழுத்தினான்.

"இங்க வலிக்குதா?"

அவன் காத்திருந்தான். அவனுக்கே வலித்தது. இந்த வலியை யாரும் அவனுக்கு அனுப்பவில்லை, முழுக்க அவனுடையதுதான். இன்னொரு முறை அழுத்தியபோது அந்தக் கால் வெடுக்கென்று உதறி அவன் மணிக்கட்டில் இடித்தது.

தவசி நிமிர்ந்தான். எமெட் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீரோடு தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அருகில் வந்து குனிந்த தவசியின் தோளை மெதுவாகக் கையை நீட்டித் தொட்டான். தொட்ட விரல்களைத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பார்த்தான். பழக்கமில்லாததால் அவை மூக்கில் போய் இடித்தன.